என் டொமைன் பெயரில் யாரோ மெயில் அனுப்புகிறார்கள், எங்கிருந்து ஆரம்பிப்பது?

வண்ணைக் கணக்கர்:

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டு முன்னறையையே ஆபீஸாக வைத்து ஜிஎஸ்டி, வருமான வரி ரிட்டர்ன் போட்டுக்கொடுக்கிறேன். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் எம்.சி. ரோடு துணிக்கடைக்காரர்கள், அப்புறம் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிற நாலைந்து பேர். ஏழு வருடத்துக்கு முன் அப்பா பெயரில் ஒரு டாட் இன் டொமைன் வாங்கி, அதிலேயே மெயில் வைத்திருக்கிறேன். விசிட்டிங் கார்டு, ரசீதுப் புத்தகம், வாசல் போர்டு எல்லாவற்றிலும் அந்த முகவரிதான். அப்பா பெயர் என்பதால் இதை லேசாக விட மனசு வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு கடைக்காரர் போன் செய்து, "சார், பேங்க் மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியாமல் நேரே கடைக்கே போனேன். கல்லாப் பக்கம் மீட்டர் கோலில் சாய்த்து வைத்திருந்த போனை எடுத்துக் காட்டினார். அனுப்பியவர் என்ற இடத்தில் என் பெயர், அதைத் தொட்டால் என் முகவரி, ஒரு எழுத்து மாறவில்லை. நிலுவைத் தொகையைப் "புதிய கணக்கில்" போடச் சொல்லி ஒரு கணக்கு எண். அவர் 18,000 ரூபாய் போட வேண்டியது, கிட்டத்தட்டப் போட்டே விட்டார். நான் அவருக்கு எப்போதும் தமிழில்தான் எழுதுவேன், இது ஆங்கிலத்தில் வந்ததே என்று ஒரு சந்தேகம், அதனால்தான் கேட்டிருக்கிறார்.

மறுநாள் காலையில் என் இன்பாக்ஸைத் திறந்தால் 212 பவுன்ஸ் மெயில். நான் வாழ்நாளில் பார்த்திராத முகவரிகளுக்கு நான் அனுப்பியதாகவும் அது போய்ச் சேரவில்லை என்றும் மெயிலர் டீமன் என்கிற தானியங்கி திருப்பி அனுப்பியிருக்கிறது. உடனே பாஸ்வேர்டை மாற்றினேன், டூ ஸ்டெப் போட்டேன். சென்ட் ஃபோல்டரில் ஒன்றுமே இல்லை. மெயில் வைத்திருக்கிற கம்பெனியில் கேட்டால், எங்கள் சர்வரிலிருந்து போகவில்லை, நாங்கள் செய்ய ஒன்றுமில்லை என்று முடித்துவிட்டார்கள்.

அண்ணன் பையன் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் போடுங்கள் சித்தப்பா என்கிறான். டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் பக்கத்தை, அதாவது டொமைனுக்கான பதிவுகள் இருக்கிற பக்கத்தை, திறந்து பார்த்தேன். வரிசை வரிசையாக என்னென்னவோ இருந்தது, கை வைக்கப் பயமாகி மூடிவிட்டேன். 20ஆம் தேதிக்குள் எல்லோருக்கும் 3பி என்கிற ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டாக வேண்டும், இந்த நேரத்தில் என் மெயிலே நின்றுபோனால் ஆபத்து.

பாஸ்வேர்டு தெரியாமல் ஒருவன் என் பெயரில் எப்படி அனுப்ப முடிகிறது? அதை நிறுத்த நான் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில்? கணினி தெரியும், ஆனால் சர்வர் வேலை தெரியாது என்று நினைத்துச் சொல்லுங்கள்.

மணலி யார்டு:

சார், முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். உங்கள் கணக்குக்குள் ஒருவன் புகுந்து அனுப்பினானா, இல்லை வெளியில் நின்றுகொண்டு உங்கள் பெயரை எழுதி அனுப்பினானா? இரண்டுக்கும் மருந்து வேறு. அந்தக் கடைக்காரர் ஜிமெயில் வைத்திருந்தால், போனில் வேண்டாம், கம்ப்யூட்டரில் அந்த மெயிலைத் திறந்து மேலே உள்ள மூன்று புள்ளியை அழுத்தி ஷோ ஒரிஜினல் என்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலேயே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று வரிகள் இருக்கும், எந்த ஐபியிலிருந்து, அதாவது எந்த இணைய எண் உள்ள சர்வரிலிருந்து, வந்தது என்பதும் இருக்கும். அந்த ஐபி உங்கள் மெயில் கம்பெனியுடையது என்றால் கணக்கு போய்விட்டது. சம்பந்தமே இல்லாத ஐபி என்றால் வெளியில் நின்று செய்தது. அத்தனை பவுன்ஸ் வந்ததையும் சென்ட் ஃபோல்டர் காலியாக இருப்பதையும் பார்த்தால் இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. ஆனாலும் பார்த்துவிடுங்கள், அப்படியே செட்டிங்ஸில் நீங்கள் போடாத ஃபார்வர்டு எதுவும் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாஸ்வேர்டு இல்லாமல் எப்படி என்றால், மெயில் அனுப்பும் முறை 1982இல் எழுதப்பட்டது. அப்போது நெட்வொர்க்கில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், அனுப்புகிறவன் சொல்லும் பெயர் நிஜமா என்று யாரும் கேட்கவில்லை. தபால் உறையின் பின்னால் அனுப்புநர் என்று யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிப் பெட்டியில் போடலாம் இல்லையா, அதே கதைதான். அதிலும் மெயிலில் பெயர் இரண்டு இடத்தில் இருக்கும். உறையில் ஒன்று, அதை ரிட்டர்ன் பாத் என்பார்கள், போய்ச் சேராவிட்டால் அங்கேதான் திரும்பி வரும். உள்ளே கடிதத்தில் ஒன்று, அதுதான் உங்கள் கடைக்காரர் கண்ணில் பட்ட ஃப்ரம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. இந்தத் திருடன் உறையிலும் உங்கள் முகவரியையே எழுதியிருக்கிறான், அதனால்தான் 212 பவுன்ஸும் உங்கள் தலையில் விழுந்தது.

நான் கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன், அதனால் எனக்கு எல்லாமே டிரெய்லர் கணக்கில்தான் புரியும். எஸ்பிஎஃப் என்பது கேட்டில் ஒட்டியிருக்கிற வண்டி நம்பர் பட்டியல். இந்த டொமைன் பெயரில் சரக்கு வந்தால் இந்த இந்த வண்டியில்தான் வரும் என்று நீங்கள் டிஎன்எஸ்ஸில் எழுதி வைக்கிறீர்கள். பெறுகிற சர்வர், மெயில் வந்த ஐபி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும். டிகிம் என்பது கன்டெய்னர் கதவில் போடுகிற போல்ட் சீல். மெயில் கிளம்பும்போதே உங்கள் சர்வர் தன்னிடம் ரகசியமாக இருக்கிற சாவியால் அதற்கு ஒரு கையெழுத்துப் போடும், அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கிற பொதுச் சாவி டிஎன்எஸ்ஸில் எல்லோரும் பார்க்கிற மாதிரி இருக்கும். வழியில் யாராவது உள்ளே ஒரு எழுத்தை மாற்றினாலும் கையெழுத்துப் பொருந்தாது.

இரண்டும் ஏன் வேண்டும் என்றால், சில சமயம் சரக்கை மாதவரம் பக்கம் வேறு வண்டிக்கு மாற்றி ஏற்றுவார்கள். வண்டி நம்பர் பொருந்தாது, ஆனால் சீல் அப்படியே இருக்கும். மெயில் ஃபார்வர்டு ஆகும்போது நடப்பது அச்சு அசல் இதுதான், எஸ்பிஎஃப் விழுந்துவிடும், டிகிம் நிற்கும்.

டிமார்க் என்பது கேட்டில் நிற்கிறவருக்கு நீங்கள் எழுதிக்கொடுக்கிற உத்தரவு. வண்டியும் பொருந்தவில்லை, சீலும் பொருந்தவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும்? பி=நன் என்றால் விட்டுவிடு, எனக்குத் தகவல் மட்டும் சொல். பி=குவாரன்டைன் என்றால் ஸ்பேமில் தள்ளு. பி=ரிஜெக்ட் என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பு. இந்த உத்தரவு இல்லாதவரை பெறுகிறவர் தன் இஷ்டத்துக்குத்தான் முடிவு செய்வார், உங்கள் கடைக்காரருக்கு நடந்தது அதுதான்.

எஸ்பிஎஃப் வரியின் கடைசியில் -ஆல் என்று மைனஸ் போட்டு, அதாவது பட்டியலில் இல்லாத வண்டி எதுவும் என்னுடையது இல்லை என்று, இறுக்கிவிடுங்கள். அதுதான் முதல் வேலை என்பது என் கருத்து.

வண்ணைக் கணக்கர்:

ரொம்ப நன்றி சார், இவ்வளவு பொறுமையாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. சாயந்தரம் கடைக்கே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். எஸ்பிஎஃப் என்ற இடத்தில் நன் என்று இருக்கிறது. டிகிம், டிமார்க் என்ற வரிகளே இல்லை. ஐபி ஏதோ வெளிநாட்டுடையது, என் மெயில் கம்பெனியுடையது இல்லை. என் செட்டிங்ஸில் ஃபார்வர்டு எதுவும் இல்லை. அப்படியென்றால் ஏழு வருடமாக என் வீட்டுக்குக் கதவே வைக்காமல் இருந்திருக்கிறேன். டொமைன் ஓர் இடத்திலும் மெயில் இன்னோர் இடத்திலும் இருப்பதால் யாரும் தானாகப் போட்டுவைக்கவில்லை போலிருக்கிறது. இன்று ராத்திரி மைனஸ் ஆல் போட்டுவிடட்டுமா?

பெரம்பூர் லோகோ:

சார், இன்று ராத்திரி வேண்டாம். மணலி அண்ணன் சொன்ன விளக்கம் அத்தனையும் சரி, கடைசி ஒரு வரியில் மட்டும் நான் வேறுபடுகிறேன். நான் ஒரு கல்லூரியில் மெயில் சர்வர் பார்க்கிறேன், இதே அவசரத்தில் ஒரு முறை எங்கள் அட்மிஷன் மெயில்களையே நாங்கள் தடுத்துக்கொண்டோம். திருடனை மறிக்கும் முன்னால் நம் மெயில் எங்கெங்கிருந்து கிளம்புகிறது என்று நமக்கே தெரிய வேண்டும். பத்தில் ஒன்பது பேருக்கு அது தெரியாது, தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு தாளை எடுத்து உட்காருங்கள். லேப்டாப், போன் இரண்டிலிருந்தும் அனுப்புவது உங்கள் மெயில் கம்பெனி சர்வர் வழியாகத்தான், அது ஒன்று. பில் அனுப்புகிற சாஃப்ட்வேர் ஏதாவது உங்கள் முகவரி போட்டு வாடிக்கையாளருக்கு அனுப்புகிறதா? வெப்சைட் இருக்கிறதா, அதில் தொடர்பு கொள்ள என்று ஒரு ஃபார்ம் இருக்கிறதா? ஸ்கேன் செய்ததை நேரே மெயில் செய்கிற மெஷின்? தீபாவளி வாழ்த்து மொத்தமாக அனுப்ப ஏதாவது சேவையில் எப்போதாவது பதிவு செய்தீர்களா? ஜிமெயிலுக்குள்ளிருந்து இந்த முகவரியாக அனுப்புவது மாதிரி எதுவும் வைத்திருக்கிறீர்களா? ஒவ்வொன்றையும் எழுதுங்கள். வெப்சைட் ஃபார்மில் இன்னொரு கோளாறும் சகஜம், பார்க்க வந்தவருடைய முகவரியையே ஃப்ரமில் போட்டு உங்களுக்கு அனுப்பும். அது நீங்களே அடுத்தவர் டொமைனைப் போலியாகப் பயன்படுத்துவது மாதிரி. ஃப்ரமில் உங்கள் முகவரி, ரிப்ளை டூவில் வந்தவர் முகவரி என்று மாற்றச் சொல்லுங்கள்.

இப்போது வரிசை. உங்கள் மெயில் கம்பெனியின் உதவிப் பக்கத்தில் எஸ்பிஎஃப்புக்கு ஒரு இன்க்ளூட் வரி கொடுத்திருப்பார்கள், அதை அப்படியே டிஎன்எஸ்ஸில் டிஎக்ஸ்டி ரெக்கார்டாக, அதாவது ஒரு எழுத்து வரியாக, போடுங்கள். கடைசியில் ~ஆல், அதாவது மைனஸுக்குப் பதில் அந்த நெளிகோடு, பட்டியலில் இல்லாததைச் சந்தேகமாகப் பார் என்று மட்டும் அர்த்தம். எம்எக்ஸ் ரெக்கார்டைத் தொடாதீர்கள், உங்களுக்கு வருகிற மெயில் அதை நம்பித்தான் இருக்கிறது, மற்ற டிஎக்ஸ்டி வரிகள் போடுவதால் வரவு நிற்காது. அப்புறம் மெயில் கம்பெனி அட்மின் பக்கத்தில் டிகிமை ஆன் செய்யுங்கள். செலக்டர் என்று ஒரு பெயரும் நீளமான சாவியும் கொடுக்கும். 2048 பிட் சாவி கிடைத்தால் அதையே எடுங்கள். டிஎக்ஸ்டியில் ஒரு துண்டு 255 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, 2048 பிட் சாவி அதைத் தாண்டும். பல டொமைன் கம்பெனிகளின் பக்கம் தானே துண்டாக்கிக்கொள்ளும், சில பக்கங்கள் சத்தமில்லாமல் பாதியை வெட்டிவிடும். போட்ட பிறகு உங்கள் ஜிமெயிலுக்கு நீங்களே ஒன்று அனுப்பி ஷோ ஒரிஜினலில் டிகிம் பாஸ், அதுவும் உங்கள் டொமைன் பெயரோடு பாஸ் என்று வருகிறதா என்று பாருங்கள். வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அதற்குப் பிறகுதான் டிமார்க். அண்டர்ஸ்கோர் டிமார்க் என்ற பெயரில் ஒரு டிஎக்ஸ்டி, அதில் பி=நன், கூடவே ஆர்யுஏ என்று அறிக்கை வரவேண்டிய முகவரி. இந்த முகவரியை உங்கள் டொமைனிலேயே தனியாக ஒன்று உருவாக்கிப் போடுங்கள். உங்கள் சொந்த ஜிமெயிலைப் போட்டால் சரியாக வராது, ஏனென்றால் அறிக்கை வேறு டொமைனுக்குப் போக வேண்டுமென்றால் அந்த டொமைன் தன் டிஎன்எஸ்ஸில் சம்மதம் எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் யார் பெட்டியையும் அறிக்கையால் நிரப்பிவிடலாமே.

-ஆல் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், சில சர்வர்கள் எஸ்பிஎஃப் மைனஸில் விழுந்த உடனேயே, டிகிம் பாஸா என்று பார்க்காமலே வாசலில் திருப்பிவிடும். உங்கள் வாடிக்கையாளர்களில் பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்கு ஃபார்வர்டு போட்டவர் ஒருவராவது இருப்பார், அவருக்கு உங்கள் நிஜ மெயில் போகாது. ~ஆல் இருக்கட்டும், பூட்டு வேலையை டிமார்க் ரிஜெக்ட் பார்த்துக்கொள்ளும்.

மணலி யார்டு:

மேடம் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், எங்கள் யார்டில் ஃபார்வர்டு யாரும் வைப்பதில்லை, அதனால் எனக்கு அந்த அடி விழவில்லை. ஆனால் ஒன்று, நெளிகோட்டைப் போட்டு டிமார்க்கை நன்னிலேயே விட்டுவிட்டு வருடக்கணக்கில் மறந்துபோகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். 2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு டிமார்க் கட்டாயம் என்றார்கள். ஜிமெயில் வைத்த அளவு ஒரு நாளைக்கு 5000 மெயில். அப்போது ஊரே ஒரு பி=நன் வரியைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது. நன் யாரையும் தடுக்காது. சார், காலண்டரில் தேதி குறித்து வையுங்கள்.

வண்ணைக் கணக்கர்:

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். 3பி வேலை நடுவிலேயே ராத்திரி ராத்திரியாகச் செய்தேன். எஸ்பிஎஃப் போட்டேன், டிகிம் முதல் நாள் ஃபெயில், மேடம் சொன்ன மாதிரியே சாவி பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. மேற்கோள் குறிக்குள் இரண்டு துண்டாகப் பிரித்துப் போட்டதும் பாஸ் வந்தது. டிமார்க் நன் போட்ட மறுநாளே கூகுளிலிருந்து முதல் அறிக்கை வந்தது. ஜிப் கோப்பு, உள்ளே எக்ஸ்எம்எல். முதலில் மலைப்பாக இருந்தது, அப்புறம் பார்த்தால் நம் பேரேடு மாதிரிதான். ஒரு ஐபி, அதிலிருந்து எத்தனை மெயில், எஸ்பிஎஃப் என்ன ஆனது, டிகிம் என்ன ஆனது, அவ்வளவுதான். நான் நோட்டில் கை கணக்காகவே எழுதிக்கொண்டேன். ஒரே நாளில் என் சர்வரிலிருந்து 14. முன்பின் தெரியாத மூன்று ஐபியிலிருந்து 600க்கு மேல். அப்பா பெயரில் ஒரு நாளில் 600 பொய்க் கடிதம் என்று நோட்டில் எழுதிப் பார்த்தபோது கை நடுங்கியது.

இப்போது இரண்டு சிக்கல். ஒன்று, பில் சாஃப்ட்வேர் உண்மையிலேயே என் முகவரியில் அனுப்பிக்கொண்டிருக்கிறது, நான் தாளில் எழுத மறந்தது அதுதான். அதற்கும் ஒரு எஸ்பிஎஃப் வரி அவர்கள் உதவிப் பக்கத்தில் இருந்தது, அதை இன்னொரு டிஎக்ஸ்டியாகச் சேர்த்தேன். அன்றிலிருந்து என் சொந்த மெயிலுக்கே எஸ்பிஎஃப் பர்ம்எரர், அதாவது வரியிலேயே பிழை, என்று வருகிறது. இரண்டாவது, அந்த பில் மெயிலைத் தனியாகப் பார்த்தால் முன்பே எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ், ஆனால் டிமார்க் ஃபெயில் என்றுதான் இருந்திருக்கிறது. இரண்டும் பாஸ் ஆன பிறகு எப்படி ஃபெயில்?

பெரம்பூர் லோகோ:

பர்ம்எரர் சுலபம். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பெறுகிறவர் இரண்டையும் தள்ளிவிடுவார். இரண்டாவதை அழியுங்கள், அதன் இன்க்ளூடை முதல் வரியிலேயே சேர்ப்பதுதான் முறை. ஆனால் உங்கள் விஷயத்தில் அதைச் சேர்க்கவே வேண்டாம், ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் இந்த முழு விஷயத்தின் மையம். டிமார்க் வெறும் பாஸை மட்டும் பார்ப்பதில்லை, யார் பெயரில் பாஸ் என்று பார்க்கும். பில் கம்பெனி, உறையின் மேல், அதாவது ரிட்டர்ன் பாத்தில் தன் டொமைனை எழுதுகிறது. எஸ்பிஎஃப் உறையைத்தான் பார்க்கும், அவர்கள் வண்டி, அவர்கள் பட்டியல், பாஸ். டிகிம் கையெழுத்தும் அவர்கள் டொமைன் பெயரில், அதுவும் பாஸ். ஆனால் உள்ளே ஃப்ரமில் இருப்பது உங்கள் டொமைன். பாஸ் ஆன பெயரும் ஃப்ரமில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், இதற்குத்தான் அலைன்மென்ட் என்று பெயர். இந்த விதி மட்டும் இல்லையென்றால் திருடன் தன் சொந்த டொமைனுக்கு ஒழுங்காக எஸ்பிஎஃப், டிகிம் போட்டுக்கொண்டு ஃப்ரமில் உங்கள் பெயரை எழுதி நிம்மதியாக அனுப்பிவிடுவான். எஸ்பிஎஃப் 2006இலும் டிகிம் 2007இலும் எழுத்தில் வந்த பிறகும் டிமார்க் தேவைப்பட்டது இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

உறையில் அவர்கள் பெயர் இருக்கும்வரை உங்கள் எஸ்பிஎஃப்பில் அவர்களைச் சேர்ப்பதால் ஒரு பிரயோஜனமும் கிடையாது, அந்த வரியை யாரும் படிக்கவே போவதில்லை. பட்டியல்தான் வீணாக நீளும். அதற்கும் ஒரு எல்லை உண்டு, எஸ்பிஎஃப்பைப் படிக்க டிஎன்எஸ்ஸை 10 தடவைக்கு மேல் தேட வேண்டியிருந்தால் அதுவும் பர்ம்எரர்தான், ஒரு இன்க்ளூடுக்குள் இன்னும் மூன்று நான்கு ஒளிந்திருக்கும், அவையும் கணக்கில் வரும். அதனால் பில் சாஃப்ட்வேரின் செட்டிங்ஸில் டொமைனைச் சரிபார்க்க என்று ஒரு பக்கம் இருக்கிறதா தேடுங்கள். இரண்டு மூன்று சிநேம் ரெக்கார்டு, அதாவது ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடுகிற வரி, கொடுப்பார்கள், அவற்றை உங்கள் டிஎன்எஸ்ஸில் போட்டதும் அவர்கள் உங்கள் டொமைன் பெயரிலேயே சீல் வைக்க ஆரம்பிப்பார்கள். டிமார்க்குக்கு இரண்டில் ஒன்று உங்கள் பெயரில் பொருந்தினால் போதும். அப்படி ஒரு பக்கமே இல்லை என்றால் அந்த சாஃப்ட்வேரின் ஃப்ரமில் அவர்கள் முகவரியே இருக்கட்டும், ரிப்ளை டூவில் மட்டும் உங்கள் முகவரியைப் போடுங்கள்.

அது பாஸ் ஆன பிறகும் இன்னும் இரண்டு வாரம் அறிக்கையைப் பாருங்கள், மாதம் ஒரு முறை மட்டும் ஓடுகிற வேலை எதுவும் விட்டுப்போகக் கூடாது. பிறகு குவாரன்டைன், அதற்குப் பிறகு ரிஜெக்ட். மெயிலிங் லிஸ்ட், அதாவது ஒருவர் எழுதினால் உறுப்பினர் எல்லோருக்கும் மெயில் போகிற குழு, எதிலாவது இந்த முகவரியில் இருந்தால் மட்டும் சொல்லுங்கள். லிஸ்ட்டுகள் தலைப்பில் ஒரு வார்த்தையைச் சேர்க்கும், கீழே நாலு வரியைச் சேர்க்கும், சீல் உடைந்துவிடும். 2014 ஏப்ரலில் யாஹூ ரிஜெக்டுக்குப் போனபோது உலகம் முழுக்க லிஸ்ட்டுகள் தடுமாறியது இதனால்தான்.

கொடுங்கையூர் டியூஷன்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், யாரும் தொடாத இரண்டு விஷயம். முதலாவது சும்மா கிடக்கிற டொமைன். எங்கள் டியூஷன் சென்டர் பெயரை மாற்றியபோது பழைய டொமைனை மெயிலும் இல்லாமல், வெப்சைட்டும் இல்லாமல் வைத்திருந்தோம். அதன் பெயரில் பெற்றோர்களுக்கு ஃபீஸ் கேட்டு மெயில் போயிருக்கிறது. மெயில் அனுப்பாத டொமைனுக்குத்தான் வேலை ரொம்பச் சுலபம், பொறுமையாக அறிக்கை பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எஸ்பிஎஃப்பில் எந்தப் பட்டியலும் இல்லாமல் வெறும் -ஆல், டிமார்க்கில் முதல் நாளே ரிஜெக்ட், எம்எக்ஸ்ஸில் ஒற்றைப் புள்ளி மட்டும் வைத்தால் இங்கே மெயில் வாங்குவதும் இல்லை என்று அர்த்தம். மூன்று வரி, ஐந்து நிமிடம். டொமைனுக்கு முன்னால் ஒரு சொல்லையும் புள்ளியையும் சேர்த்து, இல்லாத சப் டொமைனைப் போட்டு ஏமாற்றுவதற்கும் டிமார்க் தடை போடும், எஸ்பிஎஃப் மட்டும் வைத்தால் அது சப் டொமைனுக்கு இறங்காது.

இரண்டாவது, சார் தயவுசெய்து இதை உங்கள் கடைக்காரர்களிடம் வாயால் சொல்லுங்கள். நீங்கள் ரிஜெக்ட் போட்ட பிறகும் ஒருவன் ஏதாவது ஒரு ஜிமெயில் முகவரியை எடுத்து அதன் மேல் உங்கள் பெயரை மட்டும் எழுதி அனுப்பலாம். போனில் பெயர்தான் தெரியும், முகவரி தெரியாது. இல்லை, உங்கள் டொமைனில் ஒரு எழுத்தை மாற்றிப் புதிதாக வாங்கி, அதற்கு மூன்றையும் பக்காவாகப் போட்டு அனுப்பலாம், எல்லாமே பாஸ் ஆகும். இந்த மூன்று ரெக்கார்டும் உங்கள் டொமைனை மட்டும்தான் காக்கும். எங்கள் பெற்றோர்களிடம், அக்கவுன்ட் நம்பர் மாறியதாக எந்த வழியில் வந்தாலும் ரசீதுப் புத்தகத்தில் இருக்கிற நம்பருக்குப் போன் செய்யாமல் பணம் போடாதீர்கள் என்று சொல்லி நோட்டீஸ் போர்டிலும் ஒட்டியிருக்கிறேன். யாராவது போட்டுவிட்டால் தாமதம் செய்யாமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடிக்கச் சொல்லுங்கள், பேங்க்கில் பணத்தை நிறுத்தி வைக்க முதல் சில மணி நேரம்தான் முக்கியம்.

மணலி யார்டு:

டொமைன் வாங்கிய கணக்குக்கும் டூ ஸ்டெப் போட்டீர்களா சார்? மெயிலுக்குப் போட்டதைச் சொன்னீர்கள், இதைச் சொல்லவில்லை. அந்தக் கணக்கு கையை விட்டுப் போனால் அவனே இந்த எல்லா வரிகளையும் மாற்றி எழுதிவிடுவான்.

வண்ணைக் கணக்கர்:

ஏழாவது வாரம். டொமைன் கணக்குக்கும் போட்டுவிட்டேன், மணலி சார் கேட்ட அன்றே. பில் சாஃப்ட்வேரில் அந்தப் பக்கம் இருந்தது, இரண்டு சிநேம், மறுநாள் அறிக்கையில் என் டொமைன் பெயரிலேயே டிகிம் பாஸ். குவாரன்டைனில் மூன்று வாரம் இருந்தேன். நடுவில் காசிமேடு வாடிக்கையாளர் ஒருவர் என் மெயில் வரவில்லை என்றார், பதறிப்போய்ப் பார்த்தால் அவர் பெட்டி நிரம்பியிருந்தது, ஐஸ் வண்டி போட்டோவாக அடைத்து வைத்திருந்தார். போன திங்கள்கிழமை ரிஜெக்ட் போட்டேன்.

அன்று கூகுள் அறிக்கையில் தெரியாத ஐபி 430 மெயில், எல்லாவற்றுக்கும் நேரே ரிஜெக்ட். வியாழக்கிழமை 71. நேற்று 6. பவுன்ஸ் ஒன்றுகூட வரவில்லை. என் 14, 15 மெயிலும் தினமும் பாஸ்.

எம்.சி. ரோட்டில் கடை கடையாக ஏறி, அக்கவுன்ட் மாறினால் நானே நேரில் வந்து சொல்வேன், மெயிலில் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். முதலில் போன் செய்தாரே அந்தக் கடைக்காரர், அவர் அதைக் கல்லா மேலே ஒரு அட்டையில் எழுதி ஒட்டச் சொல்லி மார்க்கரை என் கையில் கொடுத்தார். தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

டியூஷன் மேடம் சொன்னதைப் படித்த பிறகுதான் நினைவு வந்தது, அப்பா பெயரிலேயே டாட் காமும் சேர்த்து வாங்கியிருந்தேன், ஒன்றுக்கும் பயன்படுத்தவில்லை. அந்த மூன்று வரியை இப்போது போட உட்கார்கிறேன். எம்எக்ஸ்ஸில் புள்ளிக்கு முன்னால் முன்னுரிமை எண் கேட்கிறது, பூஜ்யம்தானே?

கொடுங்கையூர் டியூஷன்:

ஆமாம் சார், பூஜ்யம்.